டம்மி எண் 41736

மே மாதம். சேர்க்காடு. விடைத்தாள் திருத்தும் முகாம்.
மின்விசிறி சுற்றுகிறது, காற்று வேறெங்கோ போகிறது.
கட்டுக்கு நாற்பது தாள்.
தாளுக்கு இவ்வளவு என்று கடைசி நாளில்
கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வோம்.

பதினேழாம் கேள்வி, பத்து மதிப்பெண்:
மொத்தத் தேவை, மொத்த அளிப்புக் கோடுகளை
வரைந்து விளக்குக.
முப்பத்தொரு தாளில் முப்பத்தொரு பெருக்கல் குறி.
ஸ்கேல் வைத்தது, வைக்காதது,
வளையலை வைத்து வளைத்தது.

முப்பத்திரண்டாவதில் படம் இல்லை.
"வரைய முடியவில்லை" என்று தொடங்கியிருந்தது.
திமிர் என்று நினைத்துச் சிவப்புப் பேனாவைத் திறந்தேன்.

"எங்கள் வீட்டில் நான்கு மெஷின்.
ஆம்பூர் கம்பெனிக்கு ஷூ மேல்தோல் தைக்கிறோம்,
ஜோடிக் கணக்கில் கூலி.
இறங்கும் கோட்டை வரையும்போது புத்தகம்
கேட்டது எத்தனையோ அத்தனையும் தைத்துத் தா என்கிறது.
அந்தக் கோட்டின் ஒவ்வொரு புள்ளியிலும்
கேட்டதும் தைத்ததும் ஏற்கெனவே சமம்.
அப்புறம் ஏறும் கோடு வருகிறது.
இந்த விலைக்குக் கட்டுப்படியாகிற அளவு மட்டும் தை என்கிறது.
ஒரே ஊசி. இரண்டு மேஸ்திரி.
வெட்டும் புள்ளியில் இருவரும் ஒரே எண்ணைச் சொல்வார்கள், சரி.
விலை அதற்கு மேலே நின்றால்
தேங்கிய சரக்கு விலையை இறக்கும் என்று போட்டிருக்கிறது.
முதல் கோட்டில் சரக்கு தேங்கவே இல்லையே ஐயா,
அப்படி வைத்துத்தானே அதை வரைந்தோம்?
அங்கே நாங்கள் யார் பேச்சைக் கேட்பது?"

ஐயா என்று எழுதியிருந்தாள், என்னை.
நானும் அவள் என்று எழுதிவிட்டேன்.
எண்ணுக்கு ஏது ஆண்பால் பெண்பால்.

பத்தொன்பது வருஷம் குடியாத்தத்தில்
அந்தப் பெருக்கல் குறியைப் போட்டிருக்கிறேன்.
வெட்டும் இடத்தில் சாக்பீஸை அழுத்தித் திருகுவேன்,
மாவு உதிரும்.
வெளியே நிற்கும் விலை அந்தப் புள்ளிக்கு
எப்படி வந்து சேர்கிறது என்று யாரும் கேட்டதில்லை. நானும்.
"தானாக" என்ற சொல்லை வேகமாகச் சொல்லிக் கடந்துவிடுவேன்,
பாலாற்றுப் பாலத்தை பஸ் கடப்பதுபோல.
கீழே ஆறு இருக்கிறதா என்று யார் எட்டிப் பார்க்கிறார்கள்.

எங்கள் ஊரைக் கிண்டல் செய்ய ஒரு பட்டியல் உண்டு:
ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்,
தண்ணி இல்லாத ஆறு.
சாமி திரும்பி வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது,
பட்டியலை யாரும் திருத்தவில்லை.
இதையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம்:
ஏலம் கூறுபவன் இல்லாத சந்தை.
மார்க்கெட்டில் முள்ளுக் கத்தரிக்காய்க்காவது
விடியக்காலம் கூவ ஒரு தொண்டை இருக்கிறது.

தாளை எடுத்துக்கொண்டு ஏகாம்பரம் சாரிடம் போனேன்.
விடைக்குறிப்பை விரலால் தட்டினார்.
"படத்துக்கு நாலு. படம் எங்கே?"
"படமே பொருந்தவில்லை என்கிறாள் சார்."
"கேள்விக்கு மார்க் போட நம்மைக் கூப்பிடலம்மா."

நான் பத்து என்றேன்.
அவர் நாலு என்றார்.
மோர் வந்தது, குடித்தோம். உப்பு அதிகம்.
ஏழில் முடிந்தது.
நான் நினைத்ததும் இல்லை, அவர் நினைத்ததும் இல்லை,
எப்படி வந்தது என்று கேட்டால்
இருவரும் தானாக என்றுதான் சொல்வோம்.
வட்டம் போட்டேன். பக்கத்தில் பச்சை மையில்
சுருக்கொப்பம் இட்டார்.

முப்பத்து மூன்றாவது தாள்.
ஒரு கோடு நீலப் பென்சில், ஒரு கோடு சிவப்பு,
வெட்டும் இடத்தில் குட்டியாக ஒரு நட்சத்திரம்.
பத்துக்குப் பத்து போட்டேன்.
குறிப்பில் அப்படித்தான் இருக்கிறது.